பின்சீட்டில் லூசியன்

லூசியன் பூலே தலைநகர் கான்கார்டில் பேசும் அந்த இரண்டு நிமிடத்தை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒரு சொல் மாறாது. எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பதினெட்டு வயது தாண்டியவனை யாரும் சீட் பெல்ட் போடச் சொல்ல முடியாது. அதை மாற்ற வேண்டும் என்று இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது மசோதா கொண்டுவருவார்கள். சட்டமன்றக் குழு விசாரணைக்குத் தேதி குறித்ததும் லூசியன் தன் ஒரே வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடுவான்.

"என் பேர் லூசியன் பூலே. மரம் வெட்டுறவன். என் பொண்டாட்டி டோரீன் பெல்ட் போடாம சாவியத் திருப்பினதே இல்ல. அன்னிக்கும் போட்டிருந்தா. பின்னால இருந்த நான் போடல. வண்டி பாறையில மோதிச்சு. என்னத் தூக்கி வெளிய பனியில எறிஞ்சிடுச்சு, அதனால இங்க நிக்கிறேன். அவளப் பெல்ட் புடிச்சு வச்சுக்கிச்சு, அவ நிக்கல. எது எனக்கு நல்லதுன்னு சொல்லித்தர நீங்க யாரு?"

அறையில் கைதட்டுவார்கள். கடைசி வரிசையில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனை வண்டி எறியவில்லை. நான்தான் இழுத்து வந்து பனியில் கிடத்தினேன்.

பதினோரு வருடம் ஆகிறது. நவம்பர், மான் வேட்டைக் காலம். அவர்கள் வீட்டு நாய் முள்ளம்பன்றியிடம் மாட்டிக்கொண்டு முகமெல்லாம் முள்ளோடு வந்தது. மருத்துவரிடம் கொண்டுபோக டோரீன் ஓட்டினாள். அவளுக்கு நேர்பின்னால் லூசியன், கதறும் நாயை மடியில் அமுக்கிப் பிடித்தபடி. என் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில், தார் நிறத்திலேயே உறைந்திருந்த பனியில் வண்டி வழுக்கி, நேராகப் பாறையில் போய் இடித்தது. நான் அப்போது ஊர் மீட்புக் குழுவில் இருந்தேன். சத்தம் கேட்டதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மற்றவர்கள் வர இருபது நிமிடம் ஆனது.

டோரீனின் இருக்கை முன்பக்கம் மடிந்து கிடந்தது. அதற்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் அவள். மடிந்த இருக்கையின் மேல் லூசியன், நூற்றுப் பத்து கிலோ. நடுவில் நசுங்கிய நாய். டோரீனின் பின்கழுத்தில் மூன்று முட்கள் ஏறியிருந்தன. அவளைப் பெல்ட் சரியாகத்தான் பிடித்திருந்தது, பின்னாலிருந்து அவன் வந்து விழும்வரை.

அவள் கண் திறந்திருந்தது. பேசினாள்.

நான் அவனை வெளியே இழுத்தேன். பிறகு அவளிடம் வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

லூசியனுக்கு நினைவு வந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. தான் கிடந்த பனியைக் கையால் தடவிப் பார்த்தான். "தூக்கி எறிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான். "அவ எதாச்சும் சொன்னாளா?" என்றான். "இல்ல, நான் வரும்போதே உசுரு இல்ல" என்றேன். அவளை வெளியே எடுக்க அந்த இருக்கையை வெட்டவேண்டியிருந்தது. போலீஸ்காரர் வந்தபோது அது துண்டு துண்டாக ரோட்டில் கிடந்தது. அது எப்படி மடிந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. முட்களை நான் இடுக்கியால் பிடுங்கிவிட்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவன் முதல்முறையாகக் கான்கார்டுக்குப் போனான். அன்றே சொல்லியிருக்கலாம். மனைவியைப் புதைத்து ஆறு மாதமாகாத ஒருவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு ஒரு வருடம் ஆனது. பிறகு ஐந்து.

இந்த பிப்ரவரியில் ஐந்தாவது முறை. லூசியனின் லாரி பழுதுபார்க்கப் போயிருந்ததால் அவன் மகள் கோலெட்டின் காரில் கிளம்பினோம். கோலெட் நர்ஸ். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்ததால் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு முன்சீட்டில் சாய்ந்துகொண்டாள். லூசியன் அவளுக்குப் பின்னால் ஏறினான். காலையிலிருந்தே பனி தூறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் கட்டிப்போட்ட கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றான். "சந்தைக்கா போறோம்?"

"அப்பா, என் காதுல பேசாதீங்க. தூங்கணும்."

"தூங்கு, யாரு வேணாம்னா. எவரெட்டு, இந்த வேகத்துல போனா அடுத்த மசோதாவுக்குத்தான் போய்ச் சேருவோம்டா."

"ரோடு சரியில்ல."

"உனக்கு என்னிக்குடா ரோடு சரியா இருந்திருக்கு? என் கல்யாணத்துக்கே அரை மணி லேட்டா வந்தவன்."

கோலெட் கண்ணை மூடியபடியே சிரித்தாள். லூசியன் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டி, முழங்கையை அவள் தலைக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு, தன் இரண்டு நிமிடத்தைச் சொல்லிப் பார்த்தான். கண்ணாடியில் அவன் முகமும் அவள் கழுத்தும் ஒரே சட்டத்துக்குள் தெரிந்தன. அம்மாவின் கழுத்துதான் அவளுக்கும். நான் பார்வையை ரோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது முன்னால் மரம் ஏற்றிப் போன லாரி பிரேக் போட்டது.

நானும் போட்டேன். வண்டி கொஞ்சம் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, லாரியின் பின்னால் நீட்டியிருந்த மரங்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. லூசியன் மொத்தமாக முன்னால் வந்து கோலெட்டின் இருக்கையில் மோதினான். அவள் தலை முன்னால் போய்த் திரும்பியது. "ஐயோ, கழுத்து" என்றாள்.

லூசியன் சிரித்தான். "லைசென்ஸ் யாருடா குடுத்தது உனக்கு?"

லாரி போய்விட்டது. நான் வண்டியை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பெல்ட்டப் போடு, லூசியன்."

"என்ன?"

"பெல்ட்டப் போடு. போட்டாத்தான் வண்டி நகரும்."

"நாம எங்க போயிட்டிருக்கோம்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"போடு."

"இவனப் பாரு கோலெட். குழுவுல ஓட்டே இன்னும் போடல, இவன் சட்டத்த அமல்படுத்துறான்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "செத்தா நாந்தானேடா சாவேன். உனக்கென்ன?"

"நீ சாக மாட்ட. முன்னால இருக்கறவதான் சாவா. டோரீன் மாதிரி."

இதைச் சொல்லவேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. பயத்தில் வாய் சொல்லிவிட்டது.

கோலெட் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா?" என்றான் லூசியன்.

"உன்ன எதுவும் தூக்கி எறியல. நீ அவ மேல கிடந்த. நீ வந்து விழுந்ததுல சீட்டு மடங்கி அவ ஸ்டீயரிங்ல நசுங்கிட்டா. நாந்தான் உன்ன இழுத்து வெளிய போட்டேன்."

அவன் பின்சீட்டில் நகரும் சத்தம் கேட்டது. என் பின்னால் வந்துவிட்டான். என் தோள்மேல் கிடந்த பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, தொண்டைக்குக் குறுக்கே கொண்டுவந்து பின்னால் இழுத்தான். அவன் நாற்பது வருடம் மரம் இழுத்தவன். பட்டை தொண்டைக்குள் இறங்கியது. என் விரல் அதற்கடியில் நுழையவில்லை. கண்ணுக்குள் முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு அதுவும் சுருங்கியது. என் குதிகால் பெடல்களில் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அவன் மூச்சு என் காதருகில் வந்து போனது.

கோலெட் காபி பிளாஸ்க்கை எடுத்து அவன் விரல்களில் அடித்தாள். மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் வந்தது. அவன் விட்டான்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் இறங்கி வந்து என் கதவைத் திறந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தான். பெல்ட் என்னை விடவில்லை. இழுக்க முடியாதபோது குத்தத் தொடங்கினான். உடையாத கையால், ஒரே இடத்தில், ஆணி அடிப்பதுபோல. முதல் குத்திலேயே பல் உள்ளே போனது. எனக்குக் குனியவும் வழியில்லை, சாயவும் வழியில்லை. இருக்கையோடு கட்டுண்டு வாங்கிக்கொண்டேன். நான்கோ ஐந்தோ. கோலெட் என் இடுப்பருகே கைவிட்டுப் பெல்ட் பொத்தானை அமுக்கினாள். நான் தலைகீழாக ரோட்டோரப் பனியில் விழுந்தேன். அவன் பூட்ஸ் என் விலாவுக்கு வந்தது. உள்ளே ஓர் எலும்பு உடைவது எனக்குத் தெரிந்தது. கோலெட் இறங்கி ஓடிவந்து அவன் முதுகில் தொங்கினாள். அவன் அவளையும் சுமந்துகொண்டே இன்னொரு உதை விட்டான்.

பிறகு நின்றான். எனக்கு மேலே நின்று மூச்சு வாங்கினான்.

"பதினோரு வருஷம்" என்றான்.

நான் ரத்தத்தைத் துப்பினேன்.

"பதினோரு வருஷம் நான் அத ஊர் முன்னால நின்னு சொல்லியிருக்கேன். நீ பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

"நான் தாங்குவனா மாட்டனான்னு நீ எப்படிடா முடிவு பண்ண?" அவன் குரல் உயரவில்லை. "அங்க கோட்டு போட்டு உக்காந்திருக்கானுங்களே, அவனுங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவனுங்களாவது என்னக் கூப்பிட்டு, நீ என்ன சொல்றன்னு கேக்கறானுங்க."

நான் கையூன்றி எழப் பார்த்தேன். விலா விடவில்லை.

"அவ எதாச்சும் சொன்னாளா? இந்தத் தடவ பொய் சொன்னா இங்கயே கொன்னு போட்டுருவேன்."

"சொன்னா."

"என்ன?"

"அவன எடு, எவரெட். என் மேலருந்து அவன எடு."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். உடைந்த கையைக் கோட்டுப் பைக்குள் விட முயன்றான். அது உள்ளே போகவில்லை.

கோலெட் என்னைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, வாயில் துணி திணித்தாள். தானே ஓட்ட உட்கார்ந்தாள். லூசியன் பின்கதவைத் திறந்து ஏறினான். கண்ணாடியில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க, அப்பா."

அவன் அசையவில்லை.

"இது சட்டமில்ல. என் வண்டி. போடுங்க, இல்ல நடங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அழுதிருந்தால் கேட்டிருக்கும். பின்கதவு திறந்து, மூடியது. அவன் இறங்கிவிட்டான்.

கோலெட் வண்டியை எடுத்தாள். வழியில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு மைல் தாண்டியபின் கேட்டாள்.

"அம்மா எவ்வளவு நேரம் உயிரோட இருந்தாங்க?"

துணியை வாயிலிருந்து எடுத்தேன். "நாலு நிமிஷம் இருக்கும். அஞ்சு."

"அப்பாவ வெளிய இழுக்க?"

"ஒரு நிமிஷம்."

"மிச்ச நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவள் நர்ஸ். கேள்வியை எங்கே வைக்கவேண்டும் என்று தெரிந்தவள்.

"உங்கப்பாகிட்ட. மூச்சு விடல அவன். வாய் நெறைய ரத்தம். பக்கமாத் திருப்பி, தொண்டையச் சுத்தம் பண்ணி, மூச்சு ஊதினேன்."

"அந்த நேரத்துல அம்மா கூப்பிட்டாங்களா?"

மூச்சில்லாதவனைத்தான் முதலில் பார்க்கவேண்டும், எங்களுக்கு அப்படித்தான் பயிற்சி. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று பனியில் மண்டியிட்டபோது நான் பயிற்சியை நினைக்கவில்லை. என் நண்பன் சாகிறான் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"கூப்பிட்டா."

"எத்தன தடவ?"

"எண்ணல."

"போகலாம்னு தோணலயா?"

"ஒரு கட்டத்துல அவனுக்கு மூச்சு வந்திருச்சு. அப்பவே போயிருக்கலாம். போர்வை எடுத்துப் போத்திவிட்டேன். அப்புறந்தான் போனேன்."

அவள் வண்டியை நிறுத்தினாள். கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடியே நேராகப் பார்த்தாள்.

"நீங்க அப்பாவுக்காக மறைக்கல" என்றாள்.

நான் துணியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன்.

"இறங்குங்க, எவரெட்."

பெல்ட்டை எடுத்துவிட்டு இறங்கினேன். விலா குத்தியது. பனியில் வண்டியின் பின்விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு தெரியாமல் போனது. ரோட்டோரக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு பல்லைத் துப்பினேன்.

இருபது நிமிடம் கழித்து லூசியன் வந்தான். வீட்டுப் பக்கம் திரும்பிப் போயிருப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் தெற்கே, கான்கார்டு பக்கம்தான் நடந்துகொண்டிருந்தான், ரோட்டின் நடுவில். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் என் ரத்தம். உடைந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். நான் எழுந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்தான், நடையைக் குறைக்காமல். கடந்து போனான்.

நான் அவன் பின்னால் நடந்தேன். இருபதடி தள்ளி. எதிரே வந்த லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்து விலகிப் போனது. அவன் ஒதுங்கவில்லை. ஒருமுறை மட்டும் நின்றான். நானும் நின்றேன். அவன் திரும்பவில்லை. மறுபடி நடந்தான்.