தொகிதா பெயர் போட்ட கேசட்

உசாமிக்கு நாற்பத்தெட்டு வயது. நாகோயாவில் குழாய் விற்கும் கம்பெனியில் மேனேஜர். அப்பேர்ப்பட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஹமாமட்சு ஸ்டேஷன் பக்கத்துப் பழைய கேம் கடையில் குத்தவைத்து உட்கார்ந்து பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறான் என்றால் விஷயம் இல்லாமலா? பன்னிரண்டரைக்கு விலாங்கு மீன் ஓட்டல் மாடியில் ஆறாம் வகுப்புக் கூட்டாளிகள் எல்லாரும் கூடுகிறார்கள். தொகிதா வருவான். அதற்குள் ‘வெள்ளிக் கோட்டை’ வீடியோ கேம் கேசட் கையில் இருந்தாக வேண்டும்.

பெட்டியில் இருந்ததெல்லாம் பெயர் எழுதிய கேசட்டுகள். அந்தக் காலத்தில் எந்த அம்மா பிள்ளையின் கேசட்டில் பெயர் எழுதாமல் விட்டாள்? கெஞ்சி, "எழுதாதம்மா" என்று அழுத பிள்ளைகளின் கேசட்டிலும் எழுதித்தான் வைத்தார்கள். ‘வெள்ளிக் கோட்டை’ இரண்டு கிடைத்தன. ஒன்றில் ‘அராய்’, இன்னொன்றில் ‘மியுகி’. தொகிதா இல்லை. இருக்கவும் முடியாது. அதை ஆற்றில் எறிந்தவனே உசாமிதான்.

நடந்தது இவ்வளவுதான். தொகிதாவிடம் அந்தக் கேசட்டை இரவல் வாங்கினான். மூன்று மாதம் தொகிதா ஆடிய ஆட்டம் முழுக்க அதற்குள் இருந்தது. ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மெஷினை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துவிடும் என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், உசாமி டப்பென்று அணைத்தான். மறுபடி போட்டால் ஒன்றையும் காணோம். எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? "நேத்தே ஸ்கூல் வாசல்ல உன் ஷூ அலமாரியில வச்சிட்டேனே" என்று ஒரே ஒரு பொய் சொன்னான்.

பொய் சும்மா இருக்குமா? டீச்சர் வகுப்பையே வீட்டுக்கு விடாமல் உட்கார வைத்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க. எடுத்தவங்க மட்டும் கையத் தூக்குங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். உசாமி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தேகம் எல்லாம் கனாயா மேல் விழுந்தது. அவன் அலமாரி தொகிதாவுடையதற்கு நேர் கீழே. அவன் வீட்டில் கேம் மெஷினும் கிடையாது. அந்த டிசம்பரிலேயே உசாமியின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. விட்டால் போதும் என்று ஊரைவிட்டுப் போனவன், அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"பேர் இல்லாததா ஒண்ணு இருக்கா?" என்று கடைக்காரப் பெண்ணைக் கேட்டான்.

"கண்ணாடி அலமாரியில இருக்கு சார். ஆனா மூணு மடங்கு விலை."

"பரவாயில்ல. எடுங்க."

அவள் மெஷினில் சொருகி ஓட்டிக் காட்டினாள். "நல்லா ஓடுது. அணைக்கும்போது மட்டும் ரீசெட்ட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு…"

"தெரியும்மா, தெரியும்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஒரு மார்க்கர் பேனா கிடைக்குமா?"

அவன் கேசட்டைத் திருப்பிப் போட்டு, தொகிதாவின் அம்மா எழுதுகிற மாதிரி கோணல்மாணலாக ‘தொகிதா’ என்று எழுதுவதை அவள் வாய் பிளந்து பார்த்தாள். "ஐயோ, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிட்டு! எல்லாரும் பேரை அழிக்க என்ன போட்டுத் துடைக்கலாம்னு கேப்பாங்க சார். எழுதறதுக்குப் பேனா கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

மை புதுசாகப் பளபளத்தது. சட்டையில் தேய்த்துப் பார்த்தான், ஊதிப் பார்த்தான்.

ஓட்டலில் எல்லாரும் கீழே செருப்பைக் கழற்றி மர அலமாரியில் வைத்துவிட்டு மாடியேற வேண்டும். அந்த அலமாரியைப் பார்க்காமலே உசாமி செருப்பைத் தள்ளிவிட்டு மாடியேறினான். மாடியில் தொகிதா தொந்தியும் வழுக்கையுமாகக் கத்தினான். "டேய் உசாமி! உயிரோடதான் இருக்கியா!"

பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக உசாமி கேசட்டை நீட்டினான். "அப்பா வீட்டைக் காலி பண்ணும்போது கிடைச்சுதுடா. அலமாரியில வச்சதா நினைச்சேன், வைக்கலபோல. தப்பா நினைச்சுக்காத."

தொகிதா சிரித்துக்கொண்டே வாங்கினான். திருப்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"என் கேசட் திரும்பி வந்திடுச்சேடா."

"என்னது?"

"புத்தாண்டு லீவு முடிஞ்ச அன்னைக்கு. கனாயா என் அலமாரியில வைக்கும்போது நானே கையும் களவுமாப் பிடிச்சேன். திருடன்னு ஊரே சொல்லிச்சு. படிப்பு முடியற வரைக்கும் ஒருத்தனும் அவன்கூடப் பேசல. இது உங்கிட்ட இருந்துச்சுன்னா…" தொகிதா கட்டை விரலால் பெயரைத் தேய்த்தான். விரலில் கறுப்பாக ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கும் இப்படித்தான் கையில ஒட்டிச்சு. ஆட்டம் அழிஞ்சிருந்துது. புத்தாண்டுக்குப் பெரியவங்க கொடுத்த காசுலடா… அந்தப் பய கடையில போய் வாங்கி, என் பேரை எழுதி…"

சந்தேகம் தீர்ந்தால் போதும் என்று பன்னிரண்டு வயதுப் பையன் செய்ததை, நாற்பத்தெட்டு வயதில் உசாமி அப்படியே செய்துவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பையனுக்குச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உசாமிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கனாயாவும் இன்னைக்கு வரேன்னான்," என்றான் தொகிதா. "இத்தன வருஷத்துல இதான் முதல் தடவ. நான்தான் ஃபோன் மேல ஃபோன் போட்டேன். சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

கீழே அலமாரிக் கதவு படக்கென்று மூடும் சத்தம். படியில் காலடி. நரைத்த தலையோடு ஒல்லியான ஆள் ஒருவன் வாசலில் நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்பதுபோல முகம் முகமாகப் பார்த்தான்.

உசாமியின் வலது கை தானாக மேலே போனது. கண்ணை மூடவில்லை.

கனாயாவின் முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "உசாமிதானே? எனக்கு இடம் போட்டு வச்சியா! இந்த ஊர்ல எனக்குன்னு கையத் தூக்கின மொத ஆள் நீதாண்டா."

"இடத்துக்கு இல்லடா, கனாயா," என்றான் உசாமி. கையை இறக்கவில்லை. "டீச்சர் அன்னைக்குத் தூக்கச் சொன்னாங்கல்ல. அதுக்கு."