கலகக்காரனுக்கு வலிக்கவில்லை

விடுதலையான நாளிலிருந்து கலகக்காரனுக்கு அடிபட்டால் வேறொருவருக்குத்தான் வலித்தது. இதை முதலில் கண்டவர் நாவிதர். சிறைத் தாடியை மழிக்கும்போது கத்தி தவறி அவன் கன்னத்தில் இழுத்துவிட்டது. கீறல்கூட விழவில்லை, ஆனால் பக்கத்தில் யாரோ வலி பொறுக்காமல் முனகினார்கள். கடையில் வேறு ஆளே இல்லை. நாவிதர் சவரத்தை ஒழுங்காக முடித்து அனுப்பிவிட்டு, ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார். அவர் வாயில் எதுதான் தங்கியது?

ஆண்டுக்கொரு முறை ஆளுநர் மாடத்தில் வந்து நின்று, ஜனங்கள் கேட்கும் ஒரு கைதியை விட்டுவிடுவது அங்கே வழக்கம். அந்த முறை இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஒருவன், கலகத்தில் சந்தைக் காவலாளியைக் கொன்ற இவன். மற்றவர், நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிக்கொண்டு திரிந்த போதகர். ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர். கொலைகாரனை விடு என்று தொண்டை கிழிய முதலில் கத்தியது யார் தெரியுமா? செத்த காவலாளியின் சொந்த அண்ணன், கறிக்கடைக்காரர். பாவி மனிதர், அவர் கணக்கே வேறு. அரசாங்கமே கொன்றுவிட்டால் தம்பிக்காகத் தான் செய்ய என்ன மிச்சம்? வெளியே வரட்டும், என் கையால் முடிக்கிறேன் என்றிருந்தார். அவர் தொடங்கியதைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே குன்றின் மேல், கலகக்காரனுக்கென்று அறுத்து வைத்திருந்த மரத்தில் போதகரை ஆணியடித்தார்கள். அவர் அலறியது கடைசித் தெரு வரை கேட்டது.

கலகக்காரனின் மனைவி அன்று முதல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறிக்கடை எதிர்வரிசையில்தான் இருந்தது. கடைக்காரர் தினமும் ஒரு கத்தியைத் தீட்டினார். ஆனால் கறியை வேறு கத்தியால் வெட்டினார். அவள் கதவைச் சாத்துவாள், புருஷன் திறந்து வைப்பான். "அவர் தம்பியைக் கொன்னது நான்தானே. எங்கே போய் ஒளியறது?" என்பான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார். குறுக்கே விழுந்தவளைத் தள்ளினார். கலகக்காரன் எழுந்து, தானே சட்டையை விலக்கிக் காட்டினான். நெஞ்சைக் குறிவைத்துக் குத்தினார். கத்தி தோலைத் தொட்டு நின்றது. அறைக்குள் ஓர் அலறல் எழுந்தது. ஆத்திரத்தில் மறுபடி குத்தினார். மறுபடி அதே அலறல், இப்போது சோர்ந்துபோய். அது யார் குரலென்று கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்றின் அடியில் நின்று கேட்டவர்தானே.

"நிறுத்தாதீங்கண்ணே," என்றான் கலகக்காரன். "இது எனக்கு வரவேண்டிய சாவு. அதையும் அவரே வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் என்னதான் பண்றது?"

"உன்னைக் குத்தினா அவருக்குல்ல வலிக்குது," என்றார் கடைக்காரர். "வாயாலேயே ஒரு தடவை கொன்னுட்டேன். இன்னும் எத்தனை தடவைடா அந்த மனுஷனைக் கொல்லுவேன்?" தரையில் உட்கார்ந்து, தம்பியை நினைத்து வாய்விட்டு அழுதார். கலகக்காரனின் மனைவி தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். போகும்போது வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "இருந்து தொலை" என்றார்.

அவன் இருந்தான். மனைவியை அடக்கம் செய்து, கடைக்காரரையும் தோள் கொடுத்துத் தூக்கிப்போய் அடக்கம் செய்த பிறகும் இருந்தான். தான் தடுக்கி விழுந்தால் இன்னொருவர் முனகுவாரே என்று ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தான். அவன் தெருவில் இறங்கும் முன்பே கல், கண்ணாடித்துண்டு ஏதாவது கிடந்தால் பெண்கள் கூட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.