டாலிக்குப் போக மாட்டேன்

13 அக்டோபர் 2008, திங்கள்

நேற்று இங்கே 'டிவிடி டிரைவின் லென்ஸ் போய்விட்டது' என்று எழுதினேன். தவறு. சோதித்துப் பார்க்காமல் எழுதியிருக்கக் கூடாது.

சரஸ்வதி பூஜையன்று அப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். பாலாநகர் ஃபாக்டரியில் லேத்துக்கும் டிரில்லுக்கும் வைத்துப் பழகிய கை. என் பழைய லேப்டாப்புக்கு வைத்தவர் பக்கத்தில் இருந்த பயிற்சி டிவிடியையும் விடவில்லை. பளபளக்கும் பக்கம்தான் அதன் முகம் என்று நினைத்து அங்கேயே பொட்டு வைத்துவிட்டார். விஜயதசமி காலையில் படிக்கத் தொடங்க வேண்டுமே என்ற அவசரத்தில் நான் பார்க்காமல் டிரைவில் போட்டேன். அது நெடுநேரம் முனகியது. வட்டைத் துடைத்துவிட்டேன். ஆனால் அன்று முதல் எதை நகலெடுத்தாலும் ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது.

மாலை வகுப்பில் விஸ்வநாத் சார் போன வாரமே சொல்லியிருந்தார்: பயிற்சி டிவிடியைச் சொந்த மெஷினில் வகுப்பு முடிவதற்குள் நகலெடுத்துக் காட்டாதவர்கள் ஹார்ட்வேரை விட்டு டாலி கணக்கு வகுப்புக்கு மாற வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

என் லேப்டாப்பைப் பார்த்ததும் சிரித்தார். "இந்தக் கிழவியை வெச்சுண்டு என்னம்மா பண்ணப் போறே? பேசாம டாலிக்குப் போ. ஏசி ரூம்ல உக்காந்துக்கலாம்."

"எனக்கு ஏசி வேண்டாம் சார்."

பக்கத்து நாற்காலி சபீனா முழங்கையால் இடித்தாள். "நக்கோ, வேண்டாம் வசந்தி, வாயைக் குடுக்காதே."

நகலைத் தொடங்கினேன். பச்சைக் கோடு நகரவில்லை. மவுஸின் அம்புக்குறியும் திக்கித் திக்கிப் போனது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. லென்ஸ் கெட்டால் மவுஸ் ஏன் திணற வேண்டும்?

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிவிடி டிரைவ் இணைந்திருக்கும் சேனலில் 'பிஐஓ' என்று இருந்தது. படிப்பதில் பிழை தொடர்ந்து வந்தால் விண்டோஸ் தானாகவே வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து இந்த மெதுவான முறைக்கு இறங்கிவிடும். பிராசஸரே ஒவ்வொன்றையும் சுமக்க வேண்டும். பிழை நின்ற பிறகும் தானாக மேலே ஏறாது; சேனலை நீக்கி மறுபடி கண்டுபிடிக்க வைத்தால்தான் ஏறும்.

அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்தேன்.

சார் பின்னால் நின்றிருந்தார். "அழிச்சுட்டியா? போச்சு, இனிமே டிரைவே தெரியாது."

"ரீஸ்டார்ட் பண்ணா அதுவே கண்டுபிடிச்சுக்கும் சார்." தைரியமாகத்தான் சொன்னேன். புத்தகத்தில் படித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை.

ரீஸ்டார்ட் ஆனது. டிரைவ் வந்தது. 'டிஎம்ஏ' என்று காட்டியது. டீ இடைவேளை முடிந்து எல்லாரும் திரும்புவதற்குள் நகல் முடிந்துவிட்டது.

"இன்னிக்கு ஓடிடுத்து. நாளைக்கு?" என்றார் சார்.

"நாளைக்கும் வருவேன் சார். ஹார்ட்வேருக்குத்தான். டாலிக்குப் போக மாட்டேன்."

வருகைப் பதிவில் என் பெயரை ஹார்ட்வேரின் கீழே எழுதினார், பென்சிலால். பிறகு மூலையில் கிடந்த பழைய மெஷினைக் காட்டினார். "அதோ, ஸ்கிராப்புக்குப் போட வெச்சிருக்கேனே, அதுவும் இப்படித்தான் இழுக்கறது. அதையும் எழுப்பிடு, பேனாவால எழுதறேன்."

சிலர் சிரித்தார்கள்.

"எழுப்பறேன் சார்" என்றேன்.

அதன் கோளாறும் இதுவேயாக இருக்க வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் வரும்போது பயமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

நாளை வகுப்புக்கு முன்பே போய், மூலை மெஷினில் டிவிடி சேனல் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.