நிதானக் கட்சியின் ஐந்தாம் தலைவர்

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. பல் என்னுடையது அல்ல, ஹெர்மினுடையது. அன்று காலை அவள் அதைப் பிடுங்காமல் இருந்திருந்தால் நிதானக் கட்சிக்குத் தலைவி ஆகியிருக்க மாட்டாள். நானும் தக்காளிப் பண்ணை வேலை முடிந்து வந்து, பேனாவைத் தேடாமல் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

'ஐசல் ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்த அந்த அதிகாலையில், வரலாறு தன்' என்று ஒரு தொடக்கம் எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. பனியே இல்லை, தூறல்தான். வரலாறும் இல்லை. டேவென்டர் என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள். அதுதான் கட்சி அலுவலகம்.

ஹெர்மின் என் பக்கத்து வீட்டுக்காரி. "சனிக்கிழமையும் அதுவுமா சுவத்தையே பாத்துட்டு இருப்பியா? வா தணி, அங்க காபி உண்டு," என்று அவள்தான் என்னைக் கட்சியில் சேர்த்தாள். கொள்கைக்காகச் சேர்ந்தேன் என்று எழுதலாம். [எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.]

2

நிதானக் கட்சியில் வாக்கெடுப்பு கிடையாது. எடுத்தால் தோற்றவர் மனம் புண்படும். அதனால் வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் சரி என்று சொல்லும்வரை பேசுவோம். வாயைத் திறந்து ஒரு கருத்தைச் சொன்னவரை யாராவது ஒருவருக்குப் பிடிக்காமல் போய்விடும். கடைசியில் எல்லோருக்கும் சரியென்று படுபவர் ஒருவர்தான் மிஞ்சுவார்: அன்று முழுக்கப் பேசாதவர். அவரைக் கட்சித் தலைவராக்குவோம். தலைவரானதும் அவர் பேசியாக வேண்டும். பேசினால் போச்சு.

முதல் தலைவர் ஹேர்லோஃப், மாட்டு வைத்தியர். கட்சியைத் தொடங்கியவர் என்பதால் அவருக்கு மட்டும் இந்த வழக்கத்திலிருந்து விலக்கு. ஓநாய்கள் அந்தப் பக்கம் திரும்பி வந்து ஆடுகளைக் கடித்துக்கொண்டிருந்த சமயம். தொலைக்காட்சியில் "ஓநாய்க்கும் இருக்க ஒரு எடம் வேணும்ல" என்றார். ஆடு வளர்க்கும் பாதிக் கட்சி கொதித்தது. அடுத்தவர் ரென்ஸ்கா. கூட்டம் முழுக்க ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்மணி. பதவிக்கு வந்ததும் "ஓநாயச் சுடணும்" என்றார். மற்றப் பாதி கொதித்தது. மூன்றாமவர் பவ்கா.*

நான்காவதாக ஹெர்மின், வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று, கூட்டத்தை நடத்தும் அலைடா கேட்டார். ஹெர்மினுக்கு இருந்தது. பஞ்சு விடவில்லை.

* பவ்காவை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். எனக்கே அவர்மேல் சந்தேகம் உண்டு. கீழே சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, மழைக்கு ஒதுங்க மாடிக்கு வந்தவர். கட்சித் தலைவராக இறங்கிப் போனார். நிருபர்கள் ஓநாயைப் பற்றிக் கேட்டதற்கு "எனக்கு நாய்னா உயிரு" என்றார். இரண்டு பாதியும் சேர்ந்து கொதித்தன. கட்சி முழு ஒற்றுமையோடு இருந்தது அன்று ஒரு நாள்தான். விலகிய தலைவர்கள் யாரும் கட்சியை விட்டுப் போவதில்லை. காபி நன்றாக இருக்கும்.

3

இதுவரை சிரிப்பாகப் போகிறது. இங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும், அதை எப்படிச் செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஹெர்மினின் தம்பி டெர்க்கின் மாட்டுப் பண்ணை ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் ஊருக்குள் புகாமல் அந்த நிலத்தில் பரவ விடலாம் என்று ஒரு மசோதா. நிறைவேறினால் பண்ணையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஹேக் நகரத்தில், நாடாளுமன்றத்தில் முடிவாகும். நிதானக் கட்சிக்கு அங்கே மூன்று உறுப்பினர்கள். அவர்கள் சும்மா இருந்தால் மசோதா நிறைவேறும், எதிர்த்தால் தோற்கும். தலைவர் சொல்வதைத்தான் செய்வார்கள்.

ஹெர்மின் வீட்டுச் சமையலறை. பட்டாணி சூப். நானும் இருந்தேன்.

"ஓநாய்க்காக மூணு தலைவருங்க போயிட்டாங்க," என்றான் டெர்க். "என் மாட்டுக்காக ஒருத்தி போகக்கூடாதா?"

"நான் போனா அடுத்து வர்றவன் என்ன சொல்வான்னு யாருக்குடா தெரியும்? இருந்தாத்தான் ஏதாச்சும் செய்யலாம்."

"இருந்து என்ன கிழிச்ச? பல்லு புடுங்கி ஒரு மாசம் ஆச்சு. இன்னும் வாயில பஞ்ச வெச்ச மாதிரியே இருக்க."

"சூப்பக் குடி. ஆறுது."

"நாலு தலைமுறை நிலம் அக்கா."

"எனக்கே சொல்றியா? நானும் அங்கதான்டா பொறந்தேன்."

டெர்க் என் பக்கம் திரும்பினான். "தணி, நீயாச்சும் சொல்லேன்."

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.

4 (ஒரு முடிவு)

ஹெர்மின் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். மசோதா நிறைவேறுகிறது. மாடுகள் லாரியில் ஏறுகின்றன. எதிலும் மாட்டாமல் நீடித்த தலைவி என்று ஹெர்மினுக்குப் பூங்கொத்து கொடுக்கிறார்கள். அவள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்

[இதை முடிக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நாளை அவள் முகத்தில் விழிக்க வேண்டும்.]

4 (மறுபடியும்)

சனிக்கிழமை. வட்டம். காபி ஊற்றும் முன்பே ஹெர்மின் எழுந்தாள்.

"நம்ம உறுப்பினருங்க மூணு பேரும் மசோதாவ எதிர்க்கணும். என் தம்பி பண்ணைங்கிறதாலதான் சொல்றேன். வேற காரணம் தேடி அலங்காரம் பண்ண மாட்டேன்."

"அதாம்மா தப்பு," என்றார் ஹேர்லோஃப். "தம்பிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

"என் வீடு ஊருக்குள்ள இருக்கு," என்றார் ரென்ஸ்கா. "போன வெள்ளத்துல என் சமையக்கட்டுல வாத்து நீந்துச்சு. அத யாரு பாக்குறது?"

"ஓநாய் நீந்துமா?" என்றார் பவ்கா.

"நீ சும்மா இருப்பா," என்றார்கள் நாலு பேர்.

நான் எழுந்தேன். இத்தனை வருடத்தில் அந்த வட்டத்தில் காபிக்கு நன்றி சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. "ஹெர்மின் சொல்றது சரி. டெர்க் அந்த மாடுங்கள எங்க ஓட்டிட்டுப் போவான்?" என்றேன். அவர்கள் மொழியில் அது நொண்டியிருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அலைடா பெருமூச்சு விட்டார். "அடுத்து உன்னத்தான் நெனச்சு வெச்சிருந்தோம் தணி. கெடுத்துட்டியே."

5

ஹெர்மின் விலகிவிட்டாள். வியாழக்கிழமைக்குள் ஒரு தலைவர் வேண்டும். வட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறோம். எல்லோரும் ஏதோ ஒன்றைப் பேசித் தொலைத்திருக்கிறோம். கதையை இதற்குமேல் நகர்த்த எனக்கு வழி தெரியவில்லை. முடிவு தன் கையில் இல்லை என்று எழுதுகிறவர்கள் சொன்னால் சும்மா பாவனை என்று நினைப்பேன். இப்போது என் கையிலும் இல்லை.

அலைடா உங்களைப் பார்க்கிறார்.

ஆமாம், உங்களைத்தான். முதல் வரியிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓநாயைப் பற்றி உங்கள் கருத்து யாருக்கும் தெரியாது. ரென்ஸ்காவின் சமையற்கட்டைப் பற்றிச் சொன்னபோதும், டெர்க்கின் மாடுகளைப் பற்றிச் சொன்னபோதும் தலையைக்கூட ஆட்டவில்லை. இவ்வளவு பொருத்தமான ஆள் இந்தக் கட்சிக்கு இதுவரை அமைந்ததில்லை.

"இவங்க தலைவரா வர்றதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

இல்லை.

எல்லோரும் வந்து உங்கள் கையைக் குலுக்குகிறார்கள். பவ்கா இரண்டு முறை குலுக்குகிறார். வியாழக்கிழமை காலை நீங்கள் ஹேக்குக்கு ரயில் ஏற வேண்டும். மூன்று பேர் உங்கள் வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். பேசினால் உங்கள் பதவி போகும். பேசாவிட்டால் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெர்க் மாடிப்படியில் நிற்கிறான், சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல். அக்காவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.