சாக்குக் கழிவு

எல்சியை ஏமாற்ற இன்னொருத்தி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். இதை ஊர் சொல்லவில்லை, எல்சியே சொல்லிக்கொள்வாள். மீன்காரி கூடையை இறக்கும்போதே எது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவாள். ரேஷன் கடைக்காரன் படியைச் சாய்த்தால் அவன் கையைப் பிடித்துவிடுவாள். ஆட்கள் விஷயமும் அப்படித்தான். "மூஞ்சப் பாத்தே எடை போட்டுருவேன், என்கிட்டயா?" என்பாள். ராயபுரத்தில் அவள் குடியிருந்த தெருவே அவள் வாய்க்குப் பயந்தது. புருஷன் ஹென்றிக்கும் பயம்தான், ஊரில் அவன் பெரிய குத்துச்சண்டைக்காரன் என்றாலும்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் ஆன சமயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடாரம் போட்டு டிக்கெட் விற்று நடத்தும் சண்டையில் ஹென்றி வியாசர்பாடிக்காரன் ஒருவனோடு மோத வேண்டும். ஆள் நூற்று முப்பத்தைந்து ராத்தலுக்கு மேல் இருக்கக் கூடாது. அரை ராத்தல் கூடினாலும் மேடை ஏற விடமாட்டார்கள். ஹென்றியோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், சோற்றுச் சட்டியைக் கண்டால் வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அதனால் ஒரு மாதமாக எல்சி அவனைக் கேழ்வரகுக் கஞ்சியிலும் அவித்த மீனிலும் வைத்திருந்தாள். அவனுக்கு ஆசை வரக் கூடாதென்று வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். தானும் அதே கஞ்சியைத்தான் குடித்தாள். அவள் அன்பு அந்த மாதிரி.

எடை பார்க்க வண்ணாரப்பேட்டையில் அத்தாவுல்லா பாயின் மிளகாய் மண்டி இருந்தது. அங்கே தராசில் நிற்கும் அமீர், ஹென்றிக்கு நல்ல தோஸ்து. வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஹென்றி தராசு மேடையில் ஏறி நிற்பான். அமீர் தண்டில் குண்டைத் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூட்டைக்குக் கூவும் அதே ராகத்தில் கூவுவான். சண்டைக்கு முந்தின நாள் எல்சியும் கூடவே போயிருந்தாள். "நூத்தி முப்பத்தஞ்சே! கரீட்டா கீது மாமு!" என்று அமீர் கூவியதை அவளே காதால் கேட்டாள். மனசு குளிர்ந்துபோய், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற அங்கிருந்தே கோயிலுக்குப் போனாள்.

கோயிலிலிருந்து திரும்பினால் ஹென்றி வீட்டில் இல்லை. வெகு நேரம் கழித்து வந்தான்.

"எங்கய்யா போன?"

"சும்மா. நடந்துகினு வந்தேன்."

எல்சி அவன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ ஒளிக்கிறான். என்னவென்றுதான் தெரியவில்லை.

தெரிய வைப்பதற்கென்றே குழாயடியில் ஒருத்தி இருப்பாள் அல்லவா? விடியற்காலையில் குடத்தை வைத்துக்கொண்டே அந்தப் புண்ணியவதி ஆரம்பித்தாள். "இன்னா எல்சி, நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துல உன் வூட்டுக்காரரு ஞானத்து வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்தாரே, எதுனா விசேஷமா?"

ஞானம் அதே தெருவில் இருந்தாள், புருஷனை இழந்தவள். எண்ணூர் கழிமுகத்திலிருந்து நண்டு வாங்கிவந்து குழம்பு வைத்து, துறைமுக ஆட்களுக்கு விற்றுப் பிழைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஹென்றிக்கு முதலில் பேசிய பெண்ணும் அவள்தான். போதாதா? எல்சிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் சண்டை முடியட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் கூடாரத்தில் எடை போட்டார்கள். உள்ளே ஆம்பிளைகள் கூட்டம், எல்சி வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து சேதி வந்தது. ஹென்றி நூற்று முப்பத்தேழு. இரண்டு ராத்தல் கூட. மத்தியானத்துக்குள் குறைத்துக்கொண்டு வந்தால் சரி, இல்லாவிட்டால் சண்டை கிடையாது.

முகம் வெளுத்து ஹென்றி வெளியே வந்தான். எல்சிக்குக் கண்ணெல்லாம் சிவப்பு. நேற்று சாயங்காலம் சரியாக இருந்த எடை காலையில் எப்படிக் கூடும்? நடுவில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது.

"ராத்திரி நான் ஊத்துனது அரை டம்ளர் கஞ்சி. மிச்சம் எங்கய்யா துன்ன?"

"எங்கயும் துன்னல எல்சி."

"ஞானத்து வூட்டு வாசல்ல நீ நிக்கல? என் தல மேல கை வச்சு சொல்லு."

ஹென்றி கையைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். ஐயோ, அந்தப் பாவி ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்!

"நின்னியா? நின்னவன் உள்ள போவாம வந்தியாக்கும்! கொழம்போட வுட்டாளா, இல்ல பாயும் போட்டாளா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹென்றிக்குக் காது மடல் வரை சிவந்தது. "நான் ஓடணும்" என்று மட்டும் சொன்னான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் திருவொற்றியூர்ப் பக்கம் ஓடினான்.

எல்சிக்கு ஆறவில்லை. போகிற வழியில் வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த ஞானத்தைப் பிடித்துக்கொண்டாள். "உன் புருஷன் செத்தா ஊரான் புருஷனுக்கு ஆக்கிப் போடுவியாடி?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் நடுத்தெருவில் கொட்டினாள். ஞானம் கையில் சட்டியோடு எழுந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதே குற்றத்துக்குச் சாட்சி என்று எல்சி எடை போட்டாள்.

அங்கிருந்து நேரே மிளகாய் மண்டி. வெள்ளிக்கிழமை மூடுகிற மண்டி, ஞாயிறு திறந்திருந்தது.

"யோவ் அமீரு! நீயும் கூட்டுக்களவாணியா? மாசம் பூரா அவன் எங்க போய்த் துன்னாலும் நீ முப்பத்தஞ்சுன்னு மூடி மறைச்சியா?"

"அல்லா மேல ஆணையா இல்ல தங்கச்சி! தராசு பொய் சொல்லாது."

"சொல்லாதா? நான் ஏறுறேன். என் எதுருக்க எடை போடு. இன்னா தில்லுமுல்லு பண்றன்னு பாக்குறேன்."

மிளகாய்த் தூசியைக் காலால் தள்ளிவிட்டு எல்சி ஏறி நின்றாள். அமீர் குண்டைத் தள்ளினான், கண்ணைச் சுருக்கினான், கூவினான். "தொண்ணூத்தாறே!"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தாவுல்லா பாய் தலையைத் தூக்கினார். தண்டிலிருந்து கண்ணை எடுக்காத மனுஷர் அவர், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வசூலுக்குப் போய்விடுவார். "டேய், குண்டு தொண்ணூத்தெட்டுல நிக்குது. இன்னாடா தொண்ணூத்தாறுன்ற?"

"சாக்குக் கழிவு பாய்."

"எந்தச் சாக்குடா?"

அமீர் எல்சியைப் பார்த்தான், தராசைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. மிளகாய் மூட்டை என்றால் கோணிச் சாக்கே இரண்டு ராத்தல் இருக்கும். அதைக் கழித்துச் சரக்கின் எடையை மட்டும் கூவுவதுதான் மண்டி வழக்கம். இத்தனை வருஷத்தில் கழிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வாய் தானாகக் கழித்துக்கொண்டிருந்தது. மேடையில் நிற்பது மூட்டையா மனுஷனா என்று அந்த வாய்க்குத் தெரியாது.

"அய்யய்யோ! மாமுவுக்கும் சாக்கு கழிச்சுட்டேனே!" என்று அமீர் தலையில் அடித்துக்கொண்டான்.

எல்சி மேடையிலிருந்து இறங்கினாள். இரண்டு ராத்தலுக்கும் கணக்கு வந்துவிட்டது. அவன் எங்கேயும் எதையும் தின்னவில்லை. ஆனால் சந்தேகம் லேசில் விடுகிற வியாதியா? தின்னாதவன் அந்த வாசலில் ஏன் நின்றான்? திரும்பும் வழியெல்லாம் அது குடைந்துகொண்டே வந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது ஹென்றி இரண்டாம் முறை எடை போட்டு முடித்திருந்தான். தேறிவிட்டான். கூடாரத்து நிழலில் உதடு வெடித்து, கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தான். எல்சி பக்கத்தில் உட்கார்ந்து சாக்குக் கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப அங்க ஏன்யா நின்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஹென்றி மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னான். "வாசனைக்கு."

"இன்னாது?"

"மண்டியிலேர்ந்து வரேன், உள்ள நண்டுக் கொழம்பு கொதிச்சுகினு கீது. காலு நவுரல எல்சி. மோந்துகினே நின்னேன். ஞானம் உள்ள வேலையா இருந்துச்சு, என்னப் பாக்கக்கூட இல்ல. இத்த அத்தினி பேரு முன்னாடி எப்டி சொல்றது? பசிக்குதுன்னு அடுத்தவ வூட்டு வாசல்ல நின்னேன்னு?"

எல்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுஷனையா ஊர் சிரிக்க வைத்தோம்! சண்டைக்கு இன்னும் பொழுது இருந்தது. எடை முடிந்துவிட்டதால் இனி அவன் எதை வேண்டுமானாலும் தின்னலாம். என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஞானத்தின் வாசலில் போய் நின்றாள்.

ஞானம் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"எனக்கில்ல. அவருக்கு. நண்டுக் கொழம்பு" என்றாள் எல்சி. குரல் எழும்பவில்லை.

ஞானம் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொண்டுவந்தபோது மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. ஆனால் கையில் கொடுக்காமல் நிலைப்படியில் வைத்தாள்.

"ஞானம், காலைல நான் பேசுனது..." என்று எல்சி முணுமுணுத்தாள்.

"என் காதுல சொல்லாத. காலைல தெருவுக்குத்தான சொன்ன? இப்பவும் தெருவுக்கே சொல்லிட்டு இத்த எடுத்துகினு போ."

எல்சி திரும்பினாள். அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிற தெரு. இப்போது எல்லாக் கதவும் திறந்திருந்தது. குழாயடிப் புண்ணியவதியும் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். எல்சி நடுத்தெருவுக்குப் போய் நின்றாள்.

"என் புருஷன் இந்த வூட்டுல கால் வெக்கல. ஞானம் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அபாண்டமா பேசிட்டேன்."

"கடைசி வூட்டுக்குக் கேக்கல" என்றாள் ஞானம்.

எல்சி மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.