ரத்தினவேல் ஆபீசில் கணக்கு வகுப்பு

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்ததும் இலக்கியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆன்லைன் வகுப்பில் முக்கோணப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது நெட் நின்றிருக்கிறது. திரையில் அவள் முகம் வாய் பிளந்து, ஒரு கண் செருகி, அப்படியே உறைந்திருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளில் யாரோ அதைப் பிடித்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். துபாயில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா அதை அவளுக்கே அனுப்பி, ‘பசங்க விளையாட்டுக்குப் பண்ணிட்டாங்க மிஸ். ஆனா தினமும் இப்படின்னா நாங்க வேற மிஸ் பார்த்துக்கறோம்’ என்று எழுதியிருந்தாள்.

ஏற்கெனவே சிலர் அப்படிப் போய்விட்டார்கள். திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள் இலக்கியா. செல்போன் டவரை நம்ப முடியாது, வீட்டுக்குள் வந்தால் ஒரு கோடுதான் காட்டும். பைபர் நெட்தான் கதி.

அவள் செய்யாதது எதுவுமில்லை. இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த மோடத்தை எடுத்து நடு ஹாலில் உயரமாக மாட்டினாள். வைஃபையே வேண்டாமென்று லேப்டாப்பை வயர் போட்டு மோடத்தோடு இணைத்தாள். டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படியும் வகுப்பு நடுவில் மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும், எல்லாம் போய்விடும். கோளாறு வீட்டுக்குள் இல்லை என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

நெட் இணைப்புக் கொடுத்த கேபிள்காரர் ரத்தினவேலுக்குத்தான் தெரியவில்லை. எத்தனை முறை போன் போட்டாலும் ஒரே பதில்.

“மோடத்த ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க தங்கச்சி.”

“பண்ணிட்டேண்ணே. வெளிய லைன்லதான் ஏதோ கோளாறு. ஆளனுப்புங்க.”

“நாளைக்கு வந்துருவாங்க.”

யாரும் வரமாட்டார்கள். சாயங்காலம் மட்டும், ‘உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது’ என்று போனில் செய்தி வந்து விழும்.

அவள் கணவன் சிவபிரகாஷ் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவன். “ஊர்ப்பக்கம் நெட்டு அப்படித்தான் இருக்கும், விடு” என்பான்.

மறுநாள் வகுப்புக்குக் கொஞ்சம் முன்னால் இலக்கியா லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நேராக ரத்தினவேல் ஆபீஸ். அவர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் நேரே உள்ளே போனாள். அவர் மேசையில் கிடந்த டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினாள், லேப்டாப்பை வைத்தாள், அங்கிருந்த மோடத்தில் வயரைச் சொருகினாள்.

“என்ன தங்கச்சி இது?”

“எங்க வீட்டு நெட்ட நீங்க சரி பண்ற வரைக்கும் இங்கதான் வேலை பார்ப்பேன். சத்தம் போடாதீங்க, கிளாஸ் ஆரம்பிக்குது.”

ஆரம்பித்துவிட்டாள். வேண்டுமென்றே தொண்டை கிழியப் பாடம் நடத்தினாள். திரை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு சுத்தமாக நெட்டு இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுக்கு மட்டும் என்ன கேடு?

பணம் கட்ட வந்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் அழகி, அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், விஷயத்தைக் கேட்டதும், “எங்க கடையிலயும் இதே கததான். ஆதார் எடுக்க வந்த ஆளுங்க பாதியில எந்திரிச்சுப் போறாங்க. கேட்டா ஆப் பண்ணி ஆன் பண்ணுன்னு சொல்றாரு” என்றாள்.

“இங்கிட்டு வச்சு மானத்த வாங்காதீங்கம்மா” என்று ரத்தினவேல் வேர்வையைத் துடைத்தபடி லைன்மேன் அருண்குமாருக்குப் போன் போட்டார். இலக்கியாவின் தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

வகுப்பு முடிகிற நேரம் அருண்குமார் திரும்ப அழைத்தான். ரத்தினவேல் பதற்றத்தில் எதையோ அழுத்த, அவன் குரல் ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

“என்னத்தண்ணே பாக்கச் சொல்றீங்க? அந்த வீட்டு வயர நடுவுல வெட்டித்தான நாம பக்கத்து வீடுகளுக்குப் பிரிச்சு விட்டோம்? ஜாயின்ட்ட டேப்பு சுத்திக் கட்டிவச்சிருக்கோம். காத்தடிச்சா ஆடுது. நெட்டு எங்கிட்டுப் போயி நிக்கும்? புது வயர் இழுக்கணும்னு அப்பவே சொன்னேனே!”

ரத்தினவேல் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார்.

இலக்கியா எழுந்தாள். அண்ணே என்ற சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது.

“என் லைன வெட்டி ஊருக்குக் குடுத்துட்டு, என்னையவே மோடத்த ஆப் பண்ணச் சொன்னீங்களா? தெரிஞ்சேதான சொன்னீங்க? ஒரு நா ரெண்டு நா இல்ல, மாசக்கணக்கா. பிள்ளைங்க என் மூஞ்சிய வச்சுச் சிரிக்குதுங்க. எனக்குப் பாடம் நடத்தத் தெரியலன்னு நெனச்சுப் போயிட்டாங்க. அவுங்கள யாரு கூட்டியாருவா, நீங்களா?”

“தப்புதாம்மா. இன்னைக்கே புது வயர் இழுத்துத் தாரேன்.”

“எனக்கு மட்டும் இழுத்தாப் பத்தாது. இந்த அக்கா கடைக்கு என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு அதையும் இப்பவே பாருங்க. ரெண்டும் முடியட்டும், அப்பறந்தான் எந்திரிப்பேன்.”

உட்கார்ந்துவிட்டாள். அழகியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரத்தினவேலே வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. அப்போதுதான் இலக்கியாவும் எழுந்து, ஸ்கூட்டியில் அவர் பின்னாலேயே போனாள். ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்து, இலக்கியாவின் தெருவில் புது வயர் ஏறியபோது பொழுது சாய்ந்திருந்தது. வேலை முடியும்வரை கம்பத்தடியில் நின்று, வீட்டுக்குள் போய் மோடத்தில் பச்சை விளக்கு நிலைத்ததைப் பார்த்த பிறகுதான் அவரைப் போகவிட்டாள்.

வேலை முடிந்து வந்த சிவபிரகாஷ் போனில் வேகத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தான். “சூப்பரா இருக்கே! பார்த்தியா, பொறுமையாக் கேட்டா செஞ்சு குடுத்துருவாங்க.”

இலக்கியா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பொறுமையாக் கேட்டதுக்கு ஒருத்தரும் வரலங்க. நீங்க ஒரு தடவயாச்சும் கேட்டீங்களா?”

அவன் கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வகுப்புகள் தடங்கலில்லாமல் நடந்தன. இருந்த பிள்ளைகள் நிலைத்தார்கள். போன பிள்ளைகள் திரும்பவில்லை. தெருவில் ரத்தினவேல் எதிரே வந்து, “நெட்டு நல்லா வருதா தங்கச்சி?” என்று கேட்கும்போதெல்லாம், வருகிறது என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டியை நிறுத்தாமலே போனாள்.