தலை தனி, உடல் தனி

பீலிக்ஸ் கண்ணைக் காட்டியதும் ராகவேந்திரா மாமனார் ஜௌவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். ஓர் ஆளின் எடையே இல்லை. துவைத்து மடித்த துணியைத் தூக்குவது போலிருந்தது. அந்த இடைவெளியில் அவன் மனைவி லின் விரிப்பை உருவிப் புதியதை விரித்தாள். வீட்டுக்கே வந்து வலிமருந்து கொடுக்கும் நர்ஸ் பீலிக்ஸ். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, இன்றைக்கு யாராவது பக்கத்திலேயே இருங்கள் என்று ஜெர்மனில் சொன்னார்.

பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது. காலையிலிருந்து ஜௌவின் வலது கை மட்டும் ஓயவில்லை. விரல்கள் விரிப்பின் மேல் எதையோ பற்றும், விடும், மறுபடி பற்றும்.

"பாவையோட குச்சியைத் தேடறார்," என்றாள் லின். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். "பெட்டியைத் திறந்து காட்டணும். அப்பத்தான் நிம்மதியாப் போவார்."

சீனாவின் சியான் நகரத்தைச் சுற்றி ஊர் ஊராகத் திரை கட்டி நிழற்பாவை ஆட்டியவர் ஜௌ. மனைவி போன பிறகு லின் அவரைக் ஜெர்மன் ஊரான கார்ஹிங்குக்குத் தன்னோடு அழைத்து வந்திருந்தாள். ராணி இறந்த துக்கத்தில் ஒரு சீன அரசன் எழுந்திருக்கவே மறுத்தானாம். ஒருவன் விளக்கேற்றி, அவள் நிழலைத் திரையில் நடக்கவிட்டானாம். அங்கேதான் இந்த ஆட்டம் தொடங்கியதாம். யூபான் என்ற சுரங்க ரயிலில் முதன்முதலாகப் பேசிய அன்று லின் சொன்ன கதை. "அப்புறம் ராஜா என்ன பண்ணான்?" என்று ராகவேந்திரா கேட்டான். "தினமும் டிக்கெட் எடுத்துட்டு வந்தான்," என்றாள். அன்றே அவன் அவளிடம் விழுந்துவிட்டான்.

இப்போது அவள் கட்டிலுக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்தாள். கை அப்படியே நின்றது.

எல்லாப் பாவைகளுக்கும் தலை இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பாவையின் தலையைக் கழுத்திலிருந்து உருவித் தனியாக வைத்துவிடுவார்கள். தலை இருந்தால் பாவை உறங்காது, எழுந்து நடமாடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பழைய ராஜா ராணிப் பாவைகளை எல்லாம் எரிக்கும்படி அரசு உத்தரவிட்ட காலத்தில் உடல்கள் தீயில் போயின. வேறு வீட்டில் இருந்ததால் தலைகள் தப்பின. பிறகு ஜௌ மாட்டுத்தோலில் ஒவ்வொரு தலைக்கும் புது உடல் வெட்டினார். எண்ணெய் விளக்கு போய் பல்பு வந்தது, தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. தலையை உருவி வைப்பதை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

"நான்தான்டா மாட்டினேன்," என்றாள் ராகவேந்திராவின் அம்மா சாந்தா. மகன் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருப்பவள். "படுத்துக் கிடக்கிற மனுஷன் பக்கத்துல தலையில்லாத உருவமா அடுக்கி வெச்சிருக்கு. அபசகுனமால்ல இருக்கு. நேத்து உக்காந்து ஒண்ணொண்ணா மாட்டி, விழாம இருக்க ஆளுக்கு ரெண்டு தையலும் போட்டேன்."

"மீசைத் தலையப் போய் ராணி உடம்புல தெச்சிருக்கியேம்மா."

"அவங்க ஊர்ல யாருக்கு மீசைன்னு எனக்கென்னடா தெரியும்?"

ராகவேந்திரா ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டும் லின் கோபப்படவில்லை. பெட்டியை மூடினாள். "அம்மாவை ஒண்ணும் சொல்லாத. இப்படியே காட்டினா அவருக்குத் தாங்காது. கழட்டிட்டுக் காட்டலாம்."

சாந்தாவை ஜௌவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இருவரும் பெட்டியை ஹாலுக்குத் தூக்கிப் போனார்கள்.

சாந்தாவின் தையல் கெட்டியானது. இழுத்தால் பழைய தோல் கிழிந்துவிடும். லின் நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு நூலாக நறுக்கினாள், அவன் தலையை உருவினான். அவசரப்படு என்று எப்படிச் சொல்வது? மெதுவாகச் செய் என்றுதான் எப்படிச் சொல்வது? உள்ளே அம்மா தமிழில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"உங்க பொண்ணு இதோ வந்துருவா. நல்ல பொண்ணு. ரசம்கூட வைக்கிறா, உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

பாதிப் பெட்டிதான் முடிந்திருந்தது.

"ராகவா," சாந்தாவின் குரல் தாழ்ந்து வந்தது. "தூங்கிட்டார்னு நெனச்சேன்டா. இங்க வா."

இருவரும் போய் நின்றார்கள். ஜௌவின் விரல்கள் சாந்தாவின் கையைச் சுற்றி மூடியிருந்தன. மார்பு அசையவில்லை.

"கை எதையோ பிடிக்கப் பார்த்துது. சும்மா என் கையக் குடுத்தேன். அப்பவே அடங்கிட்டார்."

லின் கணவனின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா என்ன சொல்றாங்க?"

"தூக்கத்துலயே போயிட்டாராம்," என்றான். கையைக் கொடுத்ததாக அம்மா சொன்னதை விட்டுவிட்டான். ஆனால் அவள் பார்வை அதற்குள் அந்தக் கைகளுக்கு வந்துவிட்டிருந்தது.

சாந்தா தன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள். "சூடு இருக்கும்போதே பிடிச்சுக்கோம்மா," என்று நாற்காலியைக் காட்டினாள்.

தமிழ் புரியாவிட்டாலும் லின் உட்கார்ந்தாள். அப்பாவின் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையின் மேல் மடக்கி வைத்தாள்.